ஒருக்களித்துத் தூங்கும் மீன்கள்

அரபு நாட்டு ஹம்மார் ஏரிக்காரர்கள், பிள்ளைக்குக் கண் பட்டுவிடக் கூடாதென்று கேவலமான பெயராகத் தேடி வைப்பார்கள். ஜஹைஷுக்கு முன்னால் பிறந்தவை எதுவும் தங்கவில்லை. அதனால் அவருக்குக் கழுதைக்குட்டி என்று பொருள்படும் இந்தப் பெயர் வாய்த்தது. பெயர் நன்றாகவே வேலை செய்தது. ஐம்பது தாண்டியும் ஆள் கல்லுமாதிரி இருந்தார். ஆனால் ஊரார் கண்ணிலிருந்து தப்பித்தவரைச் சொந்தக் கண் கைவிட்டுவிட்டது.

அவருடைய குலத்தில் மீனை ஈட்டியால்தான் பிடிக்க வேண்டும். படகின் முனையில் நின்று, ஐந்து முள் வைத்த ஈட்டியைத் தண்ணீருக்குள் எறிய வேண்டும். வலை வீசுகிறவன் தாழ்ந்தவன். அவனோடு பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது, விருந்தில் ஒரு பாயில் உட்காரவும் கிடையாது. அந்த வலைக்காரன் காலையிலேயே படகு நிறைய மீனோடு வந்துவிடுவான், ஈட்டிக்காரன் பொழுது சாயும்வரை நின்று இரண்டு மீனோடு வருவான். ஆனாலும் கௌரவம் ஈட்டிக்காரனுக்குத்தான். என்னைக் கேட்டால் இது சுத்தப் பைத்தியக்காரத்தனம். என்னை யார் கேட்டார்கள்?

கண் மங்கத் தொடங்கிய புதிதில் ஜஹைஷ், தண்ணீரில் கறுப்பாக எதையோ பார்த்து, "மாட்டுச்சுடா பெரிய மீனு!" என்று கூவி எறிந்தார். ஈட்டி மட்டையடியாக விழுந்து துள்ளியது. மீன் எழுந்து நின்று முக்காரம் போட்டது. பக்கத்து வீட்டு எருமை அது. எருமையளவு மீன் ஒன்று தப்பிவிட்டதாக அவர் ஊரில் சொல்லிக்கொண்டார். எருமைக்காரன் வேறுமாதிரி சொல்லிக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகுதான் ஷினாவாவோடு ஏற்பாடு. ஷினாவா வலைக்காரன். ஏரியின் நடுவே நாணற்காட்டுக்குள் படகு நுழையுமளவு ஒரு சந்து உண்டு. விடிந்ததும் அங்கே போய் ஜஹைஷ் ஒரு சட்டி எருமைத் தயிர் கொடுப்பார், ஷினாவா இரண்டு மூன்று கெண்டை கொடுப்பான். அவன் போனதும் மீனைப் படகின் அடிப்பலகையில் கிடத்தி, தன் ஈட்டியால் நறுக்கென்று ஒரு குத்து. பிறகு ஈட்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, பாட்டு முணுமுணுத்தபடி கரைக்கு வருவார். ஏன் தனியாகவே போகிறார் என்று கேட்டால், "ரெண்டு பேர் மூச்சு விட்டா மீனு ஓடிடும்" என்பார்.

இப்படி வண்டி ஓடிக்கொண்டிருந்தபோது மகள் நஷ்மியாவைப் பெண் கேட்டு வந்தார் அபூ சாஜித். அபூ என்றால் அப்பா, பிள்ளை பெயரைச் சேர்த்து ஆளை அப்படி அழைப்பது அங்கே வழக்கம். ஏரியின் மறுகரையில் ஈட்டிக்குப் பேர்போனவர். 'ஈட்டி பிடிக்கிற வீட்டில்தான் பெண் எடுப்பேன்' என்று ஊர் ஊராகச் சொன்னவர். அவர் மகன் சாஜித்மீது நஷ்மியாவுக்கு உயிர். எருமைக்குப் புல் அறுக்கிறேன் என்று படகை எடுத்துக்கொண்டு மறுகரைக்கே போவாள். அவள் அறுத்துவந்த புல்லைத் தின்று தீர்க்க ஊரிலுள்ள எருமையெல்லாம் போதாது. தாயில்லாத பெண். இந்தச் சம்பந்தம் தன்னால் முறிந்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் ஜஹைஷின் கவலை.

விருந்தன்று நாணல் தீயில் முழுசாகச் சுட்ட கெண்டைகளைத் தட்டில் கொண்டுவந்து வைத்தார். வழக்கப்படி விருந்தாளி சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் உட்காராமல் பக்கத்தில் நின்றார். ஊர்ப் பெரியவர்கள் சுற்றி இருந்தார்கள். அபூ சாஜித் மீனின் தோலை விலக்கப் போனவர், அப்படியே நிறுத்தினார். குனிந்து பார்த்தார். மீனைப் புரட்டினார். அடுத்த மீனையும் புரட்டினார்.

"ஏன் ஜஹைஷ், எங்க பக்கத்து மீனுக்கெல்லாம் முதுகுலதான் குத்து விழும். மேலேருந்துதானே எறியுறோம்! உங்க பக்கம் எல்லாத்துக்கும் விலாவுல இருக்கு. இங்க மீனெல்லாம் ஒருக்களிச்சுப் படுத்தா தூங்குது?"

பெரியவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். ஜஹைஷுக்குக் காது சுட்டது. அடங்கிப் போயிருக்கலாம், வாய் சும்மா இருக்கவில்லை.

"சந்தேகமா? நாளைக்கு வாங்க என்கூட! உங்க கண்ணு முன்னாடியே குத்திக் காட்டுறேன். நீங்களும் உங்க ஈட்டியைக் கொண்டாங்க, யாரு கை எப்படின்னு பார்த்துடுவோம்!"

அத்தனை பேர் நடுவில் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? அபூ சாஜித் தலையாட்டினார். வாயிலிருந்த சோற்றை விழுங்க மட்டும் அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

விருந்து கலைந்ததும் நஷ்மியா வந்து நின்றாள்.

"யப்பா, நாளைக்கு எருமை மேல எறிஞ்சிடாதீங்க."

"என்னடி பேச்சு இது?"

"மீனுக்கு உப்புத் தடவுறவ நான்தானே. செவுள்ல வலைத் தடம் எனக்குத் தெரியாதா? எப்படியாவது பார்த்துக்கோங்கப்பா. எனக்கு அந்த வீடுதான் வேணும்."

காலையில் ஒரே படகில் இருவரும் கிளம்பினார்கள். படகு நகர்ந்ததுமே உபசாரம் தொடங்கிவிட்டது.

"நீங்க விருந்தாளி. முதல்ல நீங்கதான் எறியணும்."

"ஐயய்யோ, ஏரி உங்க பக்கத்து ஏரி. நீங்க எறியாம நான் கை வைக்கிறதா?"

"உங்க தாடிக்கு மரியாதை வேண்டாமா? எறியுங்க."

வெயில் ஏறும்வரை இந்த மரியாதை நடந்தது. கடைசியில் அபூ சாஜித் எழுந்து எறிந்தார். ஈட்டி சேற்றில் போய்ச் செருகிக்கொண்டு நின்றது.

"வேணும்னேதான் விட்டேன். சினை மீனு."

"ஆமாமா, வயிறு தெரிஞ்சுதே" என்றார் ஜஹைஷ். அவர் கண்ணுக்குத் தண்ணீரே சரியாகத் தெரியவில்லை.

படகு தன்போக்கில் நாணற்காட்டை ஒட்டி வந்தது. எதிரே அந்தச் சந்து. ஜஹைஷ் அவசரமாகத் துடுப்பை எடுத்தார்.

"அங்க வேண்டாம், காட்டுப்பன்னி இருக்கு!" என்று கத்தினார். அதே வார்த்தையை அதே நேரத்தில் அபூ சாஜித்தும் கத்தினார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நாணல் சலசலத்தது. பன்றி வரவில்லை. ஷினாவாவின் படகுதான் வந்தது.

"அட! தனித்தனியா வர்றவங்க இன்னிக்கு ஒரே படகுலயா?" என்றான் அவன். "அபூ சாஜித், உங்களுக்கு வழக்கம்போல பெரிய மீனு. அபூ நஷ்மியா, உங்க தயிர்ச் சட்டி எங்கே?"

படகுக்கடியில் தண்ணீர் சளக் சளக்கென்றது. பிறகு அபூ சாஜித் தொண்டையைச் செருமிக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னார்:

"படுக்க வெச்சுக் குத்தக் கூடாது சம்பந்தி. ரெண்டு முழங்காலுக்கும் நடுவுல நிமிர்த்தி இடுக்கிக்கணும். அப்புறம் முதுகுல குத்தணும். நானும் முதல்ல உங்களைமாதிரிதான் குத்தினேன். வீட்டுக்காரி கண்டுபிடிச்சு, விழுந்து விழுந்து சிரிச்சா."

ஜஹைஷ் காதில் சம்பந்தி என்ற சொல் மட்டும்தான் விழுந்தது. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. சந்தோஷம்தான். சிரிப்பும் சேர்ந்து வந்தது. பிறகு மூன்று பேருமே படகு ஆடச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும், இவன் மீனைத் தின்றுவிட்டு இவனோடு ஒரு பாயில் உட்காராமல் இருந்தோமே என்று ஜஹைஷுக்கு வெட்கமாகிவிட்டது.

"ஷினாவா, கல்யாணத்துக்கு நீ வரணும். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உட்கார்ந்து சாப்பிடணும். எவன் என்ன சொல்றான்னு பார்த்துடுறேன்."

ஷினாவா படகைத் திருப்பத் துடுப்பைப் போட்டான்.

"வர்றேன். ஆனா எனக்கு மட்டும் ஓட்டை இல்லாத மீனா ஒண்ணு எடுத்து வைங்க. நான் பிடிச்ச மீனை முழுசாத் தின்னுதான் எனக்குப் பழக்கம்."