சோற்றுக்குக் காவல்

"அம்மா, இங்கன கொரங்கு வரும். நீ பையப் பாத்துக்கோ, நாங்க அருவிக்குப் போயிட்டு வாரோம்" என்றான் என் மகன். காட்டுப் பூங்காவின் வாசலில், பையிலிருந்து எலுமிச்சைச் சோற்றின் வாசனை எழுந்தது.

சங்கரன்கோவிலிலிருந்து வேன் பிடித்து இதே காட்டுக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது. அன்றும் எலுமிச்சைச் சோறுதான். அப்பாவும் சித்தப்பாவும் குளிக்கப் போக, அம்மா கம்போடு காவல் இருந்தாள். அருவிச் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் கம்பை வீசி எறிந்தாள்.

"மூணு வருசமா வாரேன், அருவியக் கண்ணால பாக்கல. கொரங்கே திங்கட்டும். ஏட்டி, வா!"

நாங்கள் நனைந்து திரும்பியபோது சோற்றுத் தூக்குவாளியைக் குரங்குகள் வழித்திருந்தன. "சோறு போச்சே!" என்று அப்பா கத்தினார். அம்மா நிதானமாகக் கூந்தலைப் பிழிந்தாள்.

இப்போது நான் பையை மகன் கையில் திணித்துவிட்டு அருவிப் பாதையில் ஏறத் தொடங்கினேன்.

"அம்மா, அப்ப சோறு?"

"ஏலே, பசிக்கிறவன் காவல் இருக்கட்டும்."