சாயத் தண்ணியை எங்கே ஊத்துகிறது?

சாயம் போடுகிறது பெரிய வேலையில்லை. மிஞ்சின தண்ணியை எங்கே ஊத்துகிறது என்பதுதான் வேலை. வீட்டிலே சாயச் சட்டி வைத்துக் கை சுட்ட சகோதரிகளுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

எழுபதுகளின் தொடக்கம். கூட்டுறவுச் சங்கக் கடைக்கு வருவது பெரும்பாலும் வெள்ளைத் துணி. நிறச் சேலை ஆசை யாரை விட்டது? பட்டணத்திலிருந்து சாயத்தூள் எடுப்பித்து, சுருவில் கிராமத்தில் எங்கள் வீட்டு வளவிலேயே அடுப்பை மூட்டினேன்.

நீலக் கை

முதன்முதல் நீலம் போட்டதற்கு அடுத்தநாள் வெள்ளிக்கிழமை. புளி, சாம்பல், தேங்காய்ப் பொச்சு எல்லாம் போட்டு உரஞ்சியும் முழங்கை வரை நீலம் போகவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகாமல் இருக்க எனக்கு ஏலாது. திருநீறு வாங்கக் கையை நீட்டினேன். ஐயர் ஓரடி பின்னுக்குப் போய்விட்டார். பிறகு முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"பிள்ளை, கண்ணன்தான் கை நீட்டுறார் எண்டெல்லோ நான் பயந்துபோனன்!"

ரோசாத் தண்ணி

நீலத்துக்குப் பிறகு சிவப்புப் போடத் தொடங்கினேன். மிஞ்சின சாயத்தை வாழையடியில்தான் ஊத்தி வந்தேன். எங்கள் நிலம் மேலே ஒரு சாண் மண், கீழே வெடிப்பு விழுந்த வெள்ளைக் கல். ஊத்தினது எங்கே போகும் என்று நான் யோசிக்கவில்லை.

வேலிக்கு அங்காலே பூமணியக்காவின் நல்லதண்ணிக் கிணறு. எங்கள் ஒழுங்கைத் தெருச் சனம் முழுக்க அதைத்தான் குடித்தது, மற்றதெல்லாம் உவர். ஒருநாள் காலமை அவ ஒரு கிளாஸ் தண்ணியோடு படலையைத் திறந்து வந்தா. தண்ணி மெல்லிய ரோசா நிறம். அவவின் மருமகள் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்திருந்த நேரம். இறைத்துத் தள்ளவும் வழியில்லை. கனக்க இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறிவிடும். "அம்மாளாச்சி!" என்று தலையில் கை வைத்தேன். அவ சத்தம் போடவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

"தங்கச்சி, உம்மடை சிவப்பு நல்ல சிவப்புத்தான். ஆனால் நான் அதைக் குடிக்கக் கேக்கேல்லையே."

அங்காலே

அந்தக் கிணறு தெளியும்வரை தூரத்துக் கிணற்றிலிருந்து அவவுக்கும் சேர்த்து நான் தண்ணி சுமந்தேன். சாயத் தண்ணியையோ மண்ணெண்ணெய்த் தகர ரின்னில் அள்ளிக் கரைக்குக் கொண்டுபோனேன். கடல் பெரிசுதானே என்ற நினைப்பு. ஆனால் அந்த இடத்தில் முழங்காலளவு தண்ணி. அந்தோனி அண்ணை வலை கட்டுகிற இடம்.

"இறால் சட்டிக்குள்ளை போனாப்பிறகுதான் சிவக்கிறது. நீங்கள் கடலுக்குள்ளையே சிவக்க வைக்கப் பாக்கிறியள்" என்றார். இன்னும் கொஞ்சம் அங்காலே கொண்டுபோய் ஊத்துகிறேன் என்றேன். அவர் வலையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, நாங்கள் இருக்கிறது தீவு. அங்காலை எண்டது எங்கை கிடக்கு?"

முதல் முழுக்கு

வேலையை விட்டுவிடுவோம் என்றுதான் விளக்கேற்றிக் கும்பிட்டேன். அடுத்தநாள் பார்த்தால், பழைய சாயத்துக்குள் விழுந்து ஊறின வெள்ளைக் கந்தை ஒன்று ரோசாவாகக் கிடக்கிறது. தண்ணி வெளிறிப்போய் இருக்கிறது. ஊத்தினால்தானே பிரச்சினை? ஊத்த ஒன்றும் மிஞ்சாமல் செய்தால்?

தேர்த் திருவிழாவுக்கு எல்லோருக்கும் சிவப்புத்தான் வேணும். ஒரே சட்டி. ஒவ்வொரு சேலைக்கும் ஒரு பிடி உப்பு. உப்புப் பட்டால் சாயம் தண்ணியை விட்டுத் துணிக்குப் போகும். முதல் முழுக்குப் பூமணியக்காவுக்கு: குங்குமச் சிவப்பு. அடுத்தவவுக்குச் செம்பருத்தி. அதற்கடுத்தவவுக்கு ரோசா. "நான் ஆரின்ரை மிச்சத்தைக் கட்டுறது?" என்று படலையடியில் ஒரு சண்டை. கடைசியில் என்னுடைய சேலை. அதை எடுத்தபோது சட்டியில் இருந்தது அரிசி கழுவின தண்ணிபோல.

தேருக்குப் பின்னால் போகும்போது பூமணியக்கா என் முந்தானையைப் பிடித்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"தங்கச்சி, உம்மடை சேலையிலையும் சாயத்தைக் காணேல்லை, என்ரை கிணத்திலையும் காணேல்லை."

ஒழுங்கையிலேயே வெளிறின சேலை சாயக்காரியின் சேலைதான் என்று என் பிள்ளைகள் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அந்தக் கிணற்றுத் தண்ணி குடித்து வளர்ந்த வாய்தானே.