எறும்பு டாக்டரின் சந்தாதாரர்கள்

சமையலறைத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, "வாங்க, வாங்க, யாரும் தள்ளாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார் எறும்பு டாக்டர். கதவு திறந்திருந்ததால் நான் உள்ளே போய்விட்டேன். எறும்புச் சாரைக்குக் குறுக்கே ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்திருந்தார். முன்னால் வந்த எறும்பு டம்ளரில் முட்டி, மீசையை ஆட்டி யோசித்து, இடப்பக்கமாகச் சுற்றிப் போனது. "பாத்தீங்களா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த வீட்டில் சர்க்கரை டப்பாவுக்கு மூடி கிடையாது. அவருடைய கணவர் காபியில் மிதக்கும் எறும்பை ஊதி ஒதுக்கிவிட்டுக் குடிக்கப் பழகி வெகுகாலமாகிறது.

எங்களுக்கு எதிர்வீடு. கல்லூரியில் விலங்கியல் நடத்தியவர். துறையை மூடியதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டாக்டர் பட்டம் உண்மையானது. ஆனால் குடியிருப்பில் பாதிப்பேர் அவரைப் பூச்சி மருந்து அடிப்பவர் என்றே நம்புகிறார்கள். "மேடம், எங்க வீட்டுக்கு எப்ப வர்றீங்க?" என்று படிக்கட்டில் நிறுத்திக் கேட்பார்கள். அவரும் ஆசையாக, "எறும்பு இருக்கா? நிறைய இருக்கா?" என்பார். அதற்குமேல் அந்தப் பேச்சு இரண்டு தரப்புக்கும் விளங்காது.

ஆய்விதழ்களில் அவர் எழுதியதைப் படித்தவர்கள் உலகத்திலேயே பத்துப் பேர் இருந்தால் அதிகம். வழி கண்டுபிடித்தது அவருடைய தங்கை. "எறும்புக் கதைய நாங்க இத்தனை வருஷமா ஓசியில கேட்டோம். காசு குடுத்துக் கேக்கற ஆளுங்களும் இருப்பாங்கக்கா" என்று சொல்லி, இணையத்தில் ஒரு குழுவைத் தொடங்கிக் கொடுத்தாள். மாதச் சந்தா. வாரம் ஒரு கட்டுரை, ஞாயிறு காலையில் நேரலை. ஒரு ஈ காக்காய்கூட வராது என்று நினைத்தேன். வந்தார்கள். ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், பல் மருத்துவர், தையல்கடைக்காரி, இன்னும் யார் யாரோ.

அன்று பிடித்தது டாக்டருக்குக் குழப்பம். இது வகுப்பா, கடையா, இல்லை உறவா? வகுப்பு என்றால் அதட்டலாம். கடை என்றால் சிரித்த முகமாக இருக்க வேண்டும். "தெரியல" என்பது ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு மரியாதையான சொல். "அதையே காசு வாங்கிட்டு எப்படிங்க சொல்றது?" என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

வழியில் தடை வந்தால் எறும்பு பெரும்பாலும் இடப்பக்கமே திரும்புகிறது என்பது அவருடைய ஊகம். பல வருஷமாக மனத்தில் கிடப்பது. தன் சமையலறை எறும்புகளை மட்டும் வைத்து அதை நிரூபிக்க முடியாது என்பதால், சந்தாதாரர்களிடம் உதவி கேட்டார். அவரவர் வீட்டில் டம்ளரைக் கவிழ்த்து, எறும்பு போகிற பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "இடப்பக்கம்தான் போகும்னு நினைக்கறேன். போச்சுன்னா என் வாழ்நாள் ஆசை நிறைவேறிடும்" என்றும் சொல்லிவைத்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"யாருக்கு இடது மேடம்? எனக்கா, எறும்புக்கா?" என்று லாரிக்காரர் கேட்டதில் ஒரு ஞாயிறு முழுக்கப் போயிற்று. பல் மருத்துவர் படம் வரைந்து விளக்கப்போய், பழக்கதோஷத்தில் எறும்பை மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டார். எல்லோரும் கையைத் தூக்கி எது இடது என்று சரிபார்த்துக்கொண்டார்கள். ஒருவழியாக எறும்புக்கு இடது என்று முடிவானது.

படங்கள் குவிந்தன. எல்லாம் இடப்பக்கம். டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. மடமடவென்று கட்டுரையை எழுதி, ஆய்விதழுக்கு அனுப்பும் முன்னால் நேரலையில் சந்தாதாரர்களுக்குக் காட்டினார். பார்க்க என்னையும் கூப்பிட்டிருந்தார். திரையில் இதயங்களாகப் பறந்தன. காபியோடு பின்னால் நின்ற கணவர்தான், "ஒண்ணுகூடவா வலப்பக்கம் போகல? நம்ம வீட்லயே அப்பப்ப போகுதே" என்றார்.

டாக்டரின் முகம் மாறியது. "யார் வீட்லயாவது வலப்பக்கம் போச்சா?" என்று கேட்டார்.

லாரிக்காரர் மெல்லச் சொன்னார். "போச்சு மேடம். நிறையவே போச்சு. அதெல்லாம் உங்களுக்கு எதுக்குன்னு அனுப்பல."

"ஏன்?"

"மனசு கஷ்டப்படுவீங்கல்ல."

"நானும்தான் மேடம்" என்றாள் தையல்கடைக்காரி. "வலப்பக்கம் போனத இந்தப் பக்கம் திருப்பி விட்டுட்டேன்."

"கையாலயா?"

"ஐயோ, இல்ல மேடம். ஊதினேன். மெதுவாத்தான்."

"நாங்கல்லாம் உங்க கட்சி மேடம்" என்று பல் மருத்துவர் சொன்னதும் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. டாக்டர் இணைப்பைத் துண்டித்தார்.

கட்டுரை போகவில்லை. அந்த வாரம் அவர் தரைப்பக்கமே குனியவில்லை. ஒரு மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். "அத்தனையும் போச்சு. எது நிஜம், எது ஊதினதுன்னே இனிமே பிரிக்க முடியாது. ஆனா இத்தனை வருஷத்துல எனக்குன்னு ஒரு கட்சி இருந்ததில்லைங்க. திட்டறதா, கும்பிடறதா?" என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. பார்க்கப் பாவமாக இருந்தது. ஆறுதலாக ஏதோ சொன்னேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

அடுத்த ஞாயிறு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை அவரவர் வீட்டு எறும்பை நேரலையிலேயே காட்ட வேண்டும். "எந்தப் பக்கம் போனாலும் சரி. யாரும் ஊதக்கூடாது" என்றார். தையல்கடைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். திரையில் கட்டம் கட்டமாக டம்ளர்கள் கவிழ்ந்தன.

லாரிக்காரர் கேமராவுக்குக் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "மேடம், நம்மளுக்குள்ள மட்டும் சொல்லுங்க. இப்பவும் இடப்பக்கம்தானே ஆசை?"

டாக்டர் வாயெடுத்தார். சொல்லவில்லை. அத்தனை பேரும் டம்ளரை விட்டுவிட்டு பதிலை அவர் முகத்தில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"வந்துருச்சு மேடம், வந்துருச்சு, பாருங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

அவர் எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.