ஐந்து மாதத்துப் பேச்சு

லிஃப்ட் நிறுவனத்தின் அவசர அழைப்பு மேஜையில் அவள் ஆறு வருடம் உட்கார்ந்திருந்தாள். நகரத்தில் எங்காவது யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு சிவப்புப் பொத்தானை அழுத்தினால், மணி இவள் காதில் அடிக்கும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை உள்ளே இருப்பவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பதுதான் வேலை. வாடிக்கையாகச் சிக்கிக்கொள்பவர்களை மூச்சு விடும் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். "மூணாவது மாடி பல் டாக்டர் தானே? பயப்படாதீங்க சார், ஆள் கிளம்பியாச்சு" என்பாள். டாக்டர் வெட்கப்பட்டுப்போவார்.

ஒரு மழை நாளில், மதியம், பதினோராவது மாடியிலிருந்து ஒரு பெண் அழுதுகொண்டே பேசினாள். ஒரு சொல்கூட விளங்கவில்லை. பக்கத்து மேஜைக்காரர் ஹெட்போனை வாங்கிக் கேட்டுவிட்டு, "பிரெஞ்சு மாதிரி இருக்கே" என்று உதட்டைப் பிதுக்கினார். மெக்கானிக் மழையில் மாட்டிக்கொண்டு வந்து சேர நாற்பது நிமிடம் ஆனது. அதுவரை இவளுக்குச் சொல்ல முடிந்ததெல்லாம் "ம்... ம்... இருக்கேன், இருக்கேன்" மட்டும்தான். ஆனால் அந்தப் பெண் அழுகையை நிறுத்தினாள். பிறகு நிதானமாக எதையோ நீளமாகச் சொல்ல ஆரம்பித்தாள். நடுவில் ஒரு தடவை சிரித்தாள். இவளும் சிரித்தாள். கதவு திறந்ததும் இணைப்பு அறுந்துபோனது.

சாயங்காலம் மெக்கானிக் அலுவலகத்துக்கு வந்தபோது ஓடிப்போய்க் கேட்டாள். "அவங்க என்ன சொன்னாங்க?"

"எனக்கென்ன தெரியும்? என் கையைப் பிடிச்சுக் குலுக்கி என்னென்னவோ சொன்னாங்க. நானும் எல்லாத்துக்கும் தலையை ஆட்டிட்டு வந்துட்டேன்."

அந்த மெக்கானிக்கைத்தான் அடுத்த வருடம் கல்யாணம் செய்துகொண்டாள். ஆனால் அந்த நாற்பது நிமிடம் மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. ஒருத்தி தன் வாழ்க்கையையே தன்னிடம் சொல்லியிருக்கலாம், தான் மரம் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தோமே என்று உறுத்திக்கொண்டே இருந்தது. இருபத்தேழு வயதில் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பம் போட்டாள். பிரெஞ்சு மட்டும் போதும் என்றுதான் போனாள். பிரெஞ்சு, ஸ்பானிஷ், மொழியியல் மூன்றும் ஒரே படிப்பு, பிரித்துத் தர முடியாது என்றார்கள். சரி, கொடுங்கள் என்றாள்.

வகுப்பில் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் அவளை 'அக்கா' என்று கூப்பிட்டுக் கடைசி வரிசையில் இடம் போட்டு வைத்தார்கள். வினைச்சொல் அட்டவணைகள் முதலில் அவளைப் பாடாய்ப் படுத்தின. ஒலியியல் வகுப்பில் மட்டும் யாரும் கிட்ட வர முடியாது. பேராசிரியை ஒலிநாடாவைப் போட்டால், நாக்கு எங்கே தொட்டது, மூச்சு எங்கே தடைப்பட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள். முதல் வருட விடுமுறையில் இரண்டு மாதம் பிரெஞ்சு பேசும் ஊர் ஒன்றில் தங்கிப் படித்தாள். திரும்பி வந்தபோது பிரெஞ்சில் சண்டை போடும் அளவுக்குத் தேறியிருந்தாள். அடுத்த வருடம் பாப்பா பிறந்தாள். ஒரு வருடம் படிப்பை நிறுத்தி வைத்தாள்.

மறுபடி சேர்ந்தபோது துறையிலிருந்து கடிதம் வந்தது. ஸ்பானிஷ் பேசும் நாட்டில் ஐந்து மாதம் தங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் பட்டம் இல்லை.

பாப்பாவுக்கு அப்போது ஒரு வயது எட்டு மாதம். பத்துப் பதினைந்து சொல் பேசுவாள். அவள் பேசப் பழகுவதையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்வதாக இவள் திட்டம் போட்டு வைத்திருந்தாள். கடிதத்தை எடுத்துக்கொண்டு பேராசிரியையின் அறைக்குப் போனாள்.

"மேடம், அடுத்த வருஷம் போகக் கூடாதா?"

"போகலாம். ஆனா உதவித்தொகை அடுத்த வருஷத்துக்குக் கிடையாது" என்றார் பேராசிரியை. பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "உனக்குத் தெரியாததை நான் சொல்லப்போறதில்ல. ஒண்ணேமுக்கால் வயசுலேர்ந்து ரெண்டு வயசு தாண்டறதுக்குள்ளதான் பிள்ளைங்க மடை திறந்த மாதிரி பேச ஆரம்பிக்கும். அந்த அஞ்சு மாசம் திரும்ப வராது. நல்லா யோசிச்சு முடிவு பண்ணும்மா."

வீட்டில் வந்து சொன்னாள். கணவன் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே கேட்டான். "நீ போகலைன்னா நாளைக்கு அவளைப் பார்க்கும்போதெல்லாம் படிப்பு ஞாபகம் வருமா, வராதா?"

"வரும்."

"அப்ப போயிட்டு வா. நானும் அக்காவும் பார்த்துக்கறோம்."

அவன் அக்கா, இவளுடைய நாத்தனார், மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். கல்யாணம் வேண்டாம் என்று தம்பி வீட்டிலேயே இருந்தார். காலையில் அவர், மாலையில் தம்பி என்று முறை போட்டுக்கொண்டார்கள். கிளம்பும்போது இவள் கணவன் கையில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியையும் கோடு போட்ட நோட்டு ஒன்றையும் கொடுத்தாள். "தினம் அரை மணி நேரம் பதிவு பண்ணுங்க. முடியாதப்ப அவ சொல்றதை அப்படியே எழுதி வைங்க. அப்படியேன்னா அப்படியே. சரியா?"

போன ஊரில் அவளுக்கு ஒரு சலவைக் கடையின் மாடியில் அறை கிடைத்தது. கீழே நாள் முழுக்க இயந்திரங்கள் உறுமிக்கொண்டிருக்கும். தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். கடைக்காரிக்கு ஏறக்குறைய பாப்பாவின் வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தது. நான்கு மாதம் மூத்தவள். துவைத்த துணிக்கூடையே அவளுக்கு ஊஞ்சல், வண்டி, படுக்கை எல்லாம். விழித்திருக்கும் நேரமெல்லாம் பேச்சுதான். இவள் மனசுக்குள் அவளுக்கு 'வாயாடி' என்று பேர் வைத்தாள். கடைக்காரியிடம் அனுமதி வாங்கி, பாப்பாவை வைத்துச் செய்ய நினைத்திருந்த ஆய்வை வாயாடியை வைத்துச் செய்ய ஆரம்பித்தாள்.

தினம் மாலை கூடைக்குப் பக்கத்தில் கருவியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். ஒரு நாள் "உன் இன்னொரு செருப்பு எங்கே?" என்று கேட்டபோது வாயாடி தோளைக் குலுக்கி, "நோ சாபோ" என்றாள். 'எனக்குத் தெரியாது' என்பதற்குப் பெரியவர்கள் 'நோ ஸே' என்பார்கள். 'சாபோ' என்று அந்த வீட்டில், அந்தத் தெருவில், ஒருவரும் சொன்னதில்லை. மற்ற வினைச்சொற்களைப் பார்த்து அந்தக் குழந்தை தானே செய்துகொண்ட சொல் அது. இவளுக்கு உடம்பு புல்லரித்தது. நோட்டில் எழுதிவிட்டு நிமிர்ந்தபோது, இந்த நேரம் பாப்பா என்ன சொல்லைச் செய்துகொண்டிருப்பாளோ என்று நினைத்தாள்.

முகம் பார்த்துப் பேசும் வசதியெல்லாம் அப்போது கிடையாது. வாரம் மூன்று முறை தெருமுனைத் தொலைபேசிக் கூண்டிலிருந்து கணவனின் கைப்பேசிக்குக் கூப்பிடுவாள்.

"பாப்பா, அம்மா பேசறேன். சாப்பிட்டியா?"

"உனக்கு பால் வேணும்" என்பாள் பாப்பா. 'நான்', 'நீ' இரண்டும் அவளுக்கு அப்போது தலைகீழ். எல்லாரும் தன்னை 'நீ' என்கிறார்கள், அதனால் தான்தான் 'நீ' என்று முடிவு கட்டியிருந்தாள்.

"பதிவு பண்றீங்களா?" என்று ஒவ்வொரு முறையும் கணவனிடம் கேட்பாள்.

"அந்தக் கருவி ரிப்பேர் ஆயிடுச்சும்மா. நோட்டுல எழுதறேன்."

"லிஃப்டையே ரிப்பேர் பண்றீங்க, அதைப் பண்ண முடியாதா?"

"லிஃப்டு பெரிசு. இது பொடிப் பொடியா இருக்கு" என்பான்.

நோட்டுத் தாள்களைக் கிழித்து மாதம் ஒருமுறை தபாலில் அனுப்பினான். கிரீஸ் கறை படிந்த தாள்கள், சாய்ந்த கையெழுத்து. 'செவ்வாய். காலையில் மாடிப்படியில் ஏறி வந்து, "வாந்தேன்" என்றாள். தப்பு, வந்தேன் என்று சொல்லு என்று திருத்திவிட்டேன்.' அன்றைக்கு முறை இல்லாத நாளானாலும் கூண்டுக்கு ஓடினாள்.

"திருத்தாதீங்க! தயவு செஞ்சு திருத்தாதீங்க. அது தப்பில்ல. அவளா செஞ்சது."

"ஏம்மா கத்தற? இனிமே திருத்தலை. இப்ப 'வந்தேன்'னு சொல்ல ஆரம்பிச்சுட்டா, என்ன பண்ணட்டும்?"



மூன்றாம் மாதத் தாளில் இப்படி இருந்தது: 'வியாழன். என் போனைக் கையில் எடுத்துக்கொண்டு "அம்மா" என்றாள். அக்காவின் போனைக் காட்டினாலும் அம்மா. கடையில் கண்ணாடிக்குள் வைத்திருந்த போன்களைப் பார்த்து, அம்மா, அம்மா, அம்மா.' ஒரு சொல்லை அதற்கு உரியது அல்லாத பொருள்களுக்கும் நீட்டிக்கொள்வது இந்த வயதில் எல்லாக் குழந்தைகளும் செய்வதுதான். அதைப் பற்றி அவளே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறாள். தாளை மடித்து வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். கடைக்காரி ஒரு கட்டு வெள்ளைத் துணியை அவள் பக்கம் தள்ளினாள். இருவரும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து மடித்துக்கொண்டே இருந்தார்கள். வாயாடி கூடைக்குள்ளிருந்து அவள் விரலைப் பிடித்து இழுத்தாள்.

ஐந்து மாதம் முடிந்து வீட்டு வாசலில் வந்து நின்றபோது கதவைத் திறந்தது நாத்தனார். அவர் இடுப்பிலிருந்து பாப்பா இவளை ஏற இறங்கப் பார்த்தாள். உயரமாகியிருந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள்.

"யாரு வந்திருக்காங்க பாரு!" என்றார் நாத்தனார்.

பாப்பா இறங்கி உள்ளே ஓடினாள். மேஜையிலிருந்த அப்பாவின் கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். வெளியே நின்றவர்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

"அம்மா, வீட்டுக்கு யாரோ வந்திருக்காங்க. பெட்டி வச்சிருக்காங்க. நீ சீக்கிரம் வா."

ஒரு பிழை இல்லை. 'நீ' சரியான இடத்தில் இருந்தது. இவள் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று நாள் பாப்பா கிட்ட வரவில்லை. அதட்டினால் அத்தையின் புடவைக்குள் புகுந்துகொள்வாள். "கட்டாயப்படுத்தாத அண்ணி" என்றார் நாத்தனார். வயதில் மூத்தவர்தான், ஆனாலும் அப்படித்தான் கூப்பிடுவார். "அவ உன்னைத் தேடாம இல்ல. தேடற இடம் வேற."

நான்காம் நாள் காலை அவள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தன் கைப்பேசியிலிருந்து கணவனின் எண்ணுக்கு அடித்தாள். முன்னறையில் மணி அடித்தது. காலடி ஓடிய சத்தம் கேட்டது.

"அம்மா!"

"பாப்பா, என்ன பண்ற?"

"செருப்பைத் தேடறேன். ஒண்ணுதான் இருக்கு."

பேசிக்கொண்டே கதவைத் திறந்தாள். பேசிக்கொண்டே நடைக்கு வந்தாள். முன்னறை வாசலில் பாப்பாவுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, "கட்டிலுக்கு அடியில பார்த்தியா?" என்றாள். பாப்பா கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்தாள், மறுபடி வைத்தாள், மறுபடி எடுத்தாள். பிறகு சுற்றி வந்து எதிரே நின்றாள்.

"கட்டிலுக்கு அடியில" என்று இவள் மறுபடி சொன்னாள்.

பாப்பா இரண்டு விரலை அவள் உதட்டில் வைத்தாள். பிறகு உள்ளே விட்டுப் பல்லைத் தொட்டுப் பார்த்தாள். திரும்பி, முன்னறையில் இருந்த அத்தையிடம், "அம்மா இங்க இருக்கு" என்றாள்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. இன்னும் ஒரு மாதம் வரை, முக்கியமான விஷயம் என்றால் பாப்பா கைப்பேசியைத்தான் எடுப்பாள். இவளும் அலுக்காமல் பக்கத்து அறைக்குப் போய்ப் பேசுவாள்.

ஆய்வு நல்லபடி முடிந்தது. வாயாடியின் பேச்சு ஐம்பத்திரண்டு மணி நேரம். ஒவ்வொரு நொடியையும் கேட்டு எழுதினாள். எழுதி முடித்த நாளில் அந்தக் குழந்தையை இனிப் பார்க்கப்போவதில்லை என்பது உறைத்து, அதற்கும் ஒரு மூச்சு அழுதாள். கடைக்காரியிடமிருந்து இரண்டு வருடம் வாழ்த்து அட்டை வந்தது. வாயாடி பள்ளிக்கூடம் போகிறாளாம், ஒழுங்காகப் பேசுகிறாளாம். பிறகு கடை கைமாறியது. முகவரியும் போயிற்று.

இப்போது அவள் அதே துறையில் ஒலியியல் நடத்துகிறாள். பாப்பாவுக்குப் பதினைந்து வயது. போன மாதம் பள்ளியில் ஏதோ ஒரு பாடத்துக்காகக் கேட்டாள். "அம்மா, நான் குட்டியா இருக்கும்போது பேசினது எதாவது இருக்கா? அந்தப் பொண்ணோடது மட்டும் பெட்டி பெட்டியா வச்சிருக்கியே."

"அப்பா கருவியை உடைச்சுட்டார்டி."

சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவன் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். "அது உடையலை" என்றான். "பொத்தானை அழுத்தினதும் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அதைப் பார்த்ததும் இவ பேச்சை நிறுத்திடுவா. அதுல வாயை வச்சு 'அம்மா'ம்பா. அப்புறம் காதை வச்சுட்டு உட்கார்ந்துடுவா. பதில் வரும்னு. ரெண்டு நாள் பார்த்தேன். என்னால முடியலை. எடுத்து உள்ள வச்சுட்டேன்."

"அந்த ரெண்டு நாள் பதிவு?"

"அழிச்சுட்டேன்."

அவளுக்குக் கோபம்தான் வரும் என்று மகள் நினைத்திருக்க வேண்டும், தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வரவில்லை. அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

மறுநாள் கல்லூரிப் பேருந்தில் முன் இருக்கையில் ஒரு குழந்தை, இரண்டு வயது இருக்கும், ஜன்னலுக்கு வெளியே போவதையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தது. பாதிச் சொற்கள் அதுவே செய்துகொண்டவை. அவள் முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கல்லூரி நிறுத்தம் வந்து, போய், அதற்கடுத்த நிறுத்தமும் போன பிறகுதான் நடத்துநர் தோளைத் தட்டினார்.

"மேடம், இறங்கலையா?"

"அந்தக் குழந்தை எங்க இறங்குது?" என்று கேட்டாள்.