முள் வைத்த நாற்காலிகள்

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் எங்கள் வீட்டில் கத்தரிக்கோல் சத்தம் கேட்கும். என் வீட்டுக்காரர் அருள்ராஜ் சமையலறை மேசையில் உட்கார்ந்து கார்ன்ஃபிளேக்ஸ் பெட்டியின் முதுகை வெட்டிக்கொண்டிருப்பார். ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் அடுத்தவர் ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்க்கிறவருக்கு அந்தக் கவனம் எங்கேயும் வரும். பெட்டியின் முதுகில் ஒரு கூப்பன். பழைய பிரபுக்களின் மாளிகை, தோட்டம், மியூசியம் என்று எதற்குப் போனாலும் ஒருத்தருக்குச் சீட்டு எடுத்தால் கூட வருகிறவருக்குச் சும்மா. பெட்டிக்கு ஒரு கூப்பன்தான் என்பதால் மூன்று வேளையும் கார்ன்ஃபிளேக்ஸ் தின்றோம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். இரண்டு வேளை தின்றோம். பாளையம்பட்டியில் எங்கள் வீட்டு மாட்டுக்குக்கூடப் பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டித்தான் வைப்போம். இந்தப் பாலில் நனைத்த அட்டையை அதன் முன்னால் வைத்திருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கும்.

ஊரிலிருந்து கடிதம் போடுகிறவர்கள் எல்லாரும் லண்டனில் எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறீர்கள். லண்டன் எங்களுக்கும் தூரம்தான். நாங்கள் இருந்தது இங்கிலாந்தின் நடுவில் ஒரு சின்ன ஊர். ஒரு ஆஸ்பத்திரி, ஒரு ரயில் நிலையம், மற்றதெல்லாம் மழை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே தமிழ் பேச எனக்கு இருந்த ஒரே ஆள் இவர். இவரோ மல்லாங்கிணற்றுக்காரர். எப்போதோ வரும் காரியாபட்டி பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல, எதற்கும் அவசரப்பட்டு வாயைத் திறக்க மாட்டார்.

அடுத்தவர் வீட்டைப் போய்ப் பார்ப்பதற்கு நம் ஊரில் காரணம் வேண்டும். சாவு, பெண் பார்ப்பது, பால் காய்ச்சுவது. இது எதுவும் இல்லையென்றால் காரணமே வேண்டாம், "என்ன மதினி, சோறாச்சா?" என்று கேட்டுக்கொண்டே அடுக்களை வரைக்கும் போய்விடலாம். இங்கே எப்போதோ செத்துப்போன ஒரு பிரபு படுத்த கட்டிலை, அவர் முகம் கழுவிய கிண்ணத்தை, அவர் மனைவி இருமிய ஜன்னலோரத்தைப் பார்க்க வரிசையில் நிற்கிறார்கள். பார்த்துவிட்டு, என்ன அழகு என்று மூச்சை உள்ளே இழுக்கிறார்கள். பக்கத்து வீட்டில் உயிரோடு இருக்கிறவள் என்ன கட்டிலில் படுக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரியின் கதையையும் கேளுங்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வானிலை அறிக்கை வாசிப்பாள். ஒருநாள் பேச்சுவாக்கில், "நீ ஒரு தடவை கட்டாயம் எங்கள் வீட்டுக்கு வரவேண்டும்" என்றாள். நான் அன்றைக்கே முறுக்கு சுட்டேன். மறுநாள் சேலையை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு, தட்டு நிறைய முறுக்கோடு போய்க் கதவைத் தட்டினேன். அவள் முகத்தில் திகில். தட்டை இரண்டு கையாலும் வாங்கி, எவ்வளவு நல்ல மனசு உனக்கு என்று நான்கு தடவை சொல்லிக் கதவைச் சாத்தினாள். அடுத்த நாள் காலையில் எங்கள் வாசல்படியில் தட்டு இருந்தது. பளபளவென்று கழுவி, காலியாக. நம் ஊரில் தட்டைக் காலியாகத் திருப்பிக் கொடுப்பார்களா? ஒரு பிடி சீனியாவது போட மாட்டார்களா? சர்ச்சிலும் இதே கதைதான். கையைப் பிடித்து, "சமாதானம் உண்டாவதாக" என்பார்கள். அந்தச் சமாதானத்தோடு காரில் ஏறிப் போய்விடுவார்கள்.

வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. வயிற்றில் ஐந்து மாதம். அன்றைக்கு அந்தக் காலித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இவரிடம் சொன்னேன்.

"கேளுங்க. இந்த ஊர்ல ஏதாவது ஒரு வீட்ல, யாராவது ஒரு பொம்பள, உள்ள வந்து உக்காருன்னு என்னையச் சொல்லணும். சொல்லலைன்னா பிள்ளையப் பெத்துத் தூக்கிக்கிட்டு ஊருக்குப் போறவ அங்கனயே இருந்துருவேன். நீங்க உங்க கூப்பனோட இருந்துக்கோங்க."

இவர் கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை. "அதுக்குத்தான அடுத்த ஞாயித்துக்கெழம ஒரு வீட்டுக்குப் போறோம். பெரிய வீடு. ரூமே நூறுக்கு மேல இருக்காம்."

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ராத்திரியெல்லாம் அண்ணன் வீடும் மதினியின் அடுக்களையும்தான் கண்ணில் நின்றன. அம்மா போன பிறகு எனக்கு அம்மா வீடு என்றால் அவர்கள் இரண்டு பேரும்தான்.

பெரிய வீட்டுக்குப் போனோம். வாசலில் கூப்பனை வாங்கியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓரம் கோணலாக வெட்டியிருக்கிறது என்று வருத்தப்பட்டார். உள்ளே கூடம் கூடமாக நாற்காலிகள். பட்டு வைத்தவை, சிங்கக்கால் வைத்தவை, பொன் பூசியவை. ஒரு சபையையே உட்காரவைத்துச் சாப்பாடு போடலாம். வந்தவர்கள் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்குக் கால் வீங்கியிருந்தது. முதல் கூடத்தில் ஒரு நாற்காலியின் மேல் காய்ந்த முள்பூ ஒன்று கிடந்தது. நம் பிரம்மதண்டுக் காயைக் கொஞ்சம் நீட்டிவிட்ட மாதிரி, உடம்பெல்லாம் முள்.

எங்கள் திருச்சுழிப் பக்கம் நடந்து பழகியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே மண்ணில் பயிராக விளைவதைவிட முள்ளாக விளைவது அதிகம். கண்மாய்க் கரையிலிருந்து பஸ் நிற்கிற இடம் வரைக்கும் சீமைக்கருவேலம். பாதையில் முள் கிடந்தால் பார்த்தவர்தான் எடுத்து ஓரத்தில் போடவேண்டும். பார்த்தும் தாண்டிப் போகிறவனை மனுசன் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். ஒருதரம் பஸ் தூரத்தில் வந்துவிட்டது என்று நான் ஒரு முள்கொப்பைத் தாண்டி ஓடினேன். அம்மா என்னைத் திரும்ப அனுப்பி எடுக்கவைத்தாள். "பின்னால வாரவுக காலு ஒன் காலு இல்லையா?" என்றாள். அந்த பஸ்ஸை விட்டுவிட்டு வெயிலில் நின்றோம்.

ஆகவே முள்பூவை எடுத்து ஜன்னல் திட்டில் வைத்தேன். அடுத்த நாற்காலியிலும் ஒன்று கிடந்தது. அதையும் எடுத்தேன். இத்தனை வேலைக்காரர்கள் இருக்கிற வீட்டில் பெருக்கித் துடைக்கிற லட்சணத்தைப் பாருங்கள் என்று இவரிடம் சொல்லத் திரும்பினால், இவர் முன்னால் போய்விட்டிருந்தார். கூடம் கூடமாக, பின்னால் வருகிறவர்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும் என்று, எல்லா நாற்காலியிலும் பொறுக்கிக்கொண்டே போனேன். சேலை முந்தானை நிறைந்துவிட்டது. நாலாவது கூடத்தில் கால் இனி நடக்காது என்றது. பச்சைப் பட்டு நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தேன். பரவாயில்லை, பிரபுக்களுக்கு உட்காரத் தெரிந்திருக்கிறது.

அப்போதுதான் பின்னாலிருந்து சத்தம் வந்தது. ஒரு பஸ் நிறைய வந்திருந்த வயசாளிகள், முள் இல்லாததைப் பார்த்து, இந்த வீட்டில் உட்கார விடுகிறார்கள் போல என்று முதல் கூடத்திலேயே வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு தாத்தா சிங்கக்கால் நாற்காலியில் கண்ணயர்ந்தே விட்டார். கழுத்தில் அட்டை மாட்டிய மேற்பார்வையாளர் முகமெல்லாம் சிவந்து ஓடி வந்தார். என் முந்தானையைப் பார்த்தார்.

"அவை யாரும் உட்காரக் கூடாது என்பதற்காக வைத்தவை, மேடம்."

எனக்கு விளங்கச் சற்று நேரமானது. பிறகு அடிவயிற்றிலிருந்து கோபம் வந்தது. உட்காரச் சொல்லாத வீட்டைப் பார்த்திருக்கிறேன். உட்காருகிற இடத்தில் முள்ளை வைக்கிற வீட்டை அன்றைக்குத்தான் பார்த்தேன். நம் ஊரில் ஆடு தாண்டாமல் இருக்கக் கொல்லைக்கு முள் வைத்து அடைப்பார்கள். ஆட்டைச் சீட்டு எடுத்து வரச்சொல்லிவிட்டு அடைக்க மாட்டார்கள். அப்படியே எழுந்து நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் ஒரு குதிரைப் படத்தின் முன்னால் நின்று, என்னை இதற்கு முன் பார்த்ததே இல்லை என்பதுபோல அதன் வாலை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அந்தக் கூடத்தின் மூலையில் காவலுக்கு ஒரு கிழவி இருந்தாள். சம்பளமில்லாமல் வாரம் ஒருநாள் வந்து, யாரும் எதையும் தொடாமல் பார்த்துக்கொள்கிற வேலை. அவளுக்கென்று ஒரு மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அந்த மாளிகையிலேயே முள் வைக்காத நாற்காலி அது ஒன்றுதான். அவள் என் வயிற்றைப் பார்த்தாள். எழுந்து, அதை என் பின்னால் கொண்டுவந்து போட்டாள்.

"உட்கார்" என்றாள். மேற்பார்வையாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீ போய் அந்தத் தாத்தாவை எழுப்பு" என்று அவரை அனுப்பிவிட்டு, மூடுகிற நேரம் வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். அவள் பெயர் ஹில்டா.

வருகிற வழியில் இவர் கேட்டார். "உக்காரச் சொல்லிட்டாகல்ல?"

"அது அவுக வீடு இல்ல. கணக்குல வராது" என்றேன்.

அதுவும் இரண்டு வாரத்தில் நடந்தது. ஹில்டா அழைப்புச் சீட்டு அனுப்பித் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். மூன்று மணியிலிருந்து நான்கு மணி வரை தேநீர். முடிகிற நேரத்தையும் போட்டு விருந்துக்கு அழைப்பதைக் கல்யாணப் பத்திரிகையில்கூட நான் பார்த்ததில்லை. நான்கு அடித்ததும் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு "சரி, அப்புறம்" என்றாள். வெளியே வந்துவிட்டோம். ஆனாலும் அந்த ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வாரமும் போனேன். மகள் பிறந்த பிறகு அவளையும் தூக்கிக்கொண்டு போனேன். எந்த வாரத்தில் ஹில்டா மணி பார்ப்பதை நிறுத்தினாள் என்று எனக்கு ஞாபகமில்லை. கதவைத் திறந்து போட்டுவிட்டு, முழங்கால் வலி என்று அவள் சாய்ந்திருப்பாள். "கெண்டி அடுப்பில் இருக்கிறது, உன் கோப்பை எங்கே என்று உனக்குத் தெரியும்" என்பாள். தெரியும், மூன்றாவது கொக்கி, விளிம்பு உடைந்தது. உட்கார் என்று சொல்வதை அவளும் விட்டுவிட்டாள். நானும் அதைக் கவனிக்கவில்லை.

ஆனாலும் ஒரு ஹில்டாவை வைத்து ஊர் ஏக்கம் தீரவில்லை, ஊருக்குப் போனால் போனதுதான் என்று இருந்தேன். மகளுக்கு எட்டு மாதம். இவர் ஒன்றும் தடுக்கவில்லை. போக வரச் சேர்த்து டிக்கெட் எடுத்து வந்தார். "எனக்கு எதுக்குத் திரும்பி வார டிக்கெட்டு?" என்று கேட்டேன்.

"ரெண்டும் சேத்து எடுத்தா கொறச்சல்" என்றார். மனைவி திரும்பி வருவதிலும் தள்ளுபடி கிடைக்கிற ஆண்மகன் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மதுரைக்கு அண்ணன் காரே பிடித்து வந்துவிட்டான். பஸ் இருக்கும்போது எதற்கு இந்தச் செலவு என்றதற்கு, "ஒனக்கு பஸ்ஸெல்லாம் தோதுப்படாதுல்ல" என்றான். அருப்புக்கோட்டைத் தறிச் சத்தம் கேட்கிற தூரத்தில், பாளையம்பட்டியில் இறங்கியபோது மதினி வாசலில் நின்றாள். நான் கல்யாணமாகிப் போகும்வரை ஒரே தட்டில் சோறு பிசைந்து எனக்கும் ஊட்டியவள். "ஏ செல்வி, மாவு பொங்கி வழியுது பாரு" என்று அடுக்களையிலிருந்து கத்துகிறவள்.

"வாங்க, வாங்க" என்றாள் மதினி. உள்ளே ஓடி, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து கூடத்தின் நடுவில் போட்டு, முந்தானையால் அழுந்தத் துடைத்தாள். "உக்காருங்க."

விருந்தாளிக்கு என்று மேல்தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வந்தது. தெருவே வந்தது. என்னைச் சுற்றி நின்று பார்த்தார்கள். என் செருப்பை, மகளின் குல்லாவை, சூட்கேஸின் சக்கரத்தைப் பார்த்தார்கள். "தொடாதீக, தொடாதீக" என்று அண்ணன் சின்னப் பிள்ளைகளை விலக்கிவிட்டான். மியூசியத்தில் கட்டுவதுபோல ஒரு கயிறு மட்டும்தான் கட்டவில்லை. ஒவ்வொன்றுக்கும் அவன் விளக்கம் சொல்லச் சொல்ல, எல்லாரும் மூச்சை உள்ளே இழுத்தார்கள். அவர்களுக்குக் கூப்பனும் தேவைப்படவில்லை.

கூட்டம் கலைந்ததும் எழுந்து அடுக்களைக்குப் போனேன். தண்ணீர்ப் பானை இருந்த இடத்தில் ஒரு சின்ன அலமாரி இருந்தது. செம்பு எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு நின்றேன்.

"என்ன வேணும் சொல்லுங்க. நீங்க எதுக்கு உள்ள வாரீக?" மதினி கையைத் துடைத்துக்கொண்டு குறுக்கே வந்து நின்றாள்.

"என்ன மதினி, வாங்க போங்கன்னுக்கிட்டு. செல்வின்னு கூப்பிடுங்க. வெங்காயத்தக் குடுங்க, உரிக்கேன்."

"ஐய, ஒங்களப் போயி வேல வாங்குறதா? பொகை ஒங்களுக்கு ஒத்துக்கிடாது. போயி உக்காருங்க." அவள் முகத்தில் துளி வஞ்சனை இல்லை. பிரியத்தில்தான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கூடத்துக்குத் திரும்பி வந்தேன். மூன்று வருஷம் யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஏங்கிய அந்த ஒரு வார்த்தையை, வந்ததிலிருந்து எத்தனை தடவை கேட்டேன் என்று எண்ண முடியாது. உள்ளே மதினியும் தெருக்காரிகளும் என்னமோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தாளிக்கிற வாசம் வந்தது. கையில் விருந்தாளி டம்ளர் இருந்தது. விளிம்பு உடைந்த கோப்பை இந்நேரம் மூன்றாவது கொக்கியில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். கெண்டியை யார் வைத்தார்களோ. மகளை இடுப்பில் மாற்றிக்கொண்டு, உட்காருவதற்கு முன்னால் நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்தேன். முள் இல்லை. சுத்தமாகத் துடைத்திருந்தாள்.

திரும்பிப் போகிற தள்ளுபடி டிக்கெட் சூட்கேஸில்தான் இருந்தது. உட்கார்ந்தேன்.