ஏழாவது கை

மலைமேல் வளப்பூர் நாட்டு மெதடிஸ்ட் சபையின் செயலாளர் கண்ணாயிக்குச் சட்டம் என்றால் சோறு வேண்டாம். கமிட்டிக்கு ஏழு பேர் சேரவில்லை என்றால் கோயில் கதவைப் பூட்டிவிட்டுப் போய்விடுவாள்.

மூன்று வருடம் ஆராதனைக்கு வராதவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடிக்க வேண்டும். பெயர் இல்லாதவருக்குச் சபைக் கல்லறையில் இடமில்லை. திரும்பச் சேர்க்கக் கமிட்டியின் ஏழு பேரும் கை தூக்க வேண்டும். 1997இல் அந்தச் சபை தனக்கென்று போட்டுக்கொண்ட இந்த விதியை எழுதியதே அவள்தான். முதலில் போனது கமிட்டியில் ஒருவனான மாதேஸ்வரனின் அப்பா பெயர். கிழவர் படுத்த படுக்கையாகக் கிடந்தவர். அவர் இறந்தபோது மகன் கெஞ்சினான். "விதின்னா விதிதான் சாமி" என்றுவிட்டாள், கூட்டம்கூடக் கூட்டவில்லை. கிழவரைக் காட்டோரம் புதைத்தார்கள்.

பிறகு அவள் கணவன் மாணிக்கத்தின் முறை. கேரளத்துத் தோட்ட வேலைக்குப் போனவன் வீட்டுக்கே வரவில்லை, கோயிலுக்கா வருவான்? அவன் பெயரையும் அவளே வாசித்து அவளே அடித்தாள். ஊர் மெச்சியது. அவளுக்கும் பெருமைதான்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்! 2001 தை மாதம் காய்ச்சலோடு திரும்பிய மாணிக்கம் நாலாம் நாள் விடியலில் இறந்துபோனான். "என்னைய நம்ம கோயில்லயே வெச்சிரு கண்ணு" என்று கையைப் பிடித்துக் கேட்டிருந்தான்.

போதகர் தனபால் மலைக்குக் கீழே இருந்த சபைக் கண்காணிப்பாளருக்குப் போன் போட்டுப் பார்த்தார். "கமிட்டிதான் முடிவு பண்ணணும்னுட்டாருங்க. உங்க ஊட்டுக்காரருங்கறதால நீங்க உள்ள உட்காரக் கூடாதும்மா. நீங்க எழுதினதுதானுங்களே."

மிளகுப் பறிப்புக் காலம். தோட்டம் தோட்டமாக ஓடி, ஏணி மேல் நின்றவர்களைக் கெஞ்சி இறக்கினாள். மத்தியானத்துக்குள் ஆறு பேர். மிச்சம் மாதேஸ்வரன் ஒருவன்தான். அவன் காலில் விழப்போனாள்.

"எந்திரிங்கக்கா, வாரேன்" என்றான் அவன்.

அன்று அப்பாவுக்காக அவன் கெஞ்சி நின்ற அதே கோயில் வாசலில் இன்று அவள் நின்றாள். கதவு திறந்தது. முதலில் வந்த போதகர் அவளைப் பார்க்காமல் தலை குனிந்துகொண்டார். உள்ளே ஆறு கைதான் உயர்ந்திருந்தது.

கடைசியாக மாதேஸ்வரன் வந்தான்.

"எங்கப்பனுக்கு நீங்க கூட்டமே கூட்டலீங்களேக்கா. கை தூக்கத்தான் வந்தேன், மேல வரமாட்டேங்குதுங்க."

அவன் சுவரோரம் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"பொழுது சாயறதுக்குள்ள நான் குழி வெட்டிடறேனுங்க. எங்கப்பனுக்குப் பக்கத்துல இடமிருக்குது."