சேவல் போட்ட பக்கிள்

கூடத்தில் இழுப்பறை இழுபடும் சத்தம் கேட்டது. கிரீச்சென்று பாதியில் சிக்கி, ஒரு குலுக்கலில் மீண்டும் நகரும் சத்தம். அடுக்களையில் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்த கனகராஜின் கை அப்படியே நின்றது.

“கத்திரிக்கோல் எங்கண்ணே? முறுக்குப் பொட்டலம் பிரிய மாட்டேங்குது” என்று வீரம்மா கேட்டது அவர் காதில் விழத்தான் செய்தது. பதில் சொல்வதற்குள் அவளே தேடத் தொடங்கிவிட்டாள். அந்த இழுப்பறையில் கத்திரிக்கோல் இல்லை. பதினைந்து நாளுக்கு முன்பே செய்து முடித்து, துணியில் சுற்றி அவர் ஒளித்துவைத்த பெல்ட் பக்கிள்தான் இருந்தது. அவளுக்காகச் செய்த பக்கிள்.

கனகராஜுக்கு அறுபத்திரண்டு வயது. ஜெலாப்பாங்கில் கார் சீட்டு தைக்கும் பட்டறையில் இருபத்தெட்டு வருடம் உழைத்தவர். மனைவி காளியம்மா இறந்துபோய் ஆறு வருடமாகிறது. ஜொகூரில் இருக்கும் மகள் சரளா ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் “சாப்பிட்டீங்களாப்பா?” என்பாள். “சாப்பிட்டேம்மா” என்பார். சாப்பிட்டாரா என்பது அவர் தனியாய் இருக்கும் நாலாவது மாடி வீட்டுச் சுவர்களுக்குத்தான் தெரியும்.

பட்டறையில் மிஞ்சும் தோல் துண்டுகளில் பெல்ட் பக்கிள் செய்யப் பழகியிருந்தார். பெரிய மோட்டார்சைக்கிள் ஓட்டும் பையன்கள் போனில் படம் அனுப்புவார்கள். இவர் செய்து தபாலில் அனுப்புவார். ஒருவர்கூட வீட்டுப் படியேறியதில்லை.

வீரம்மா ஏறினாள். சுங்கை சிப்புட்டில் பள்ளிக்கூடம் கூட்டிப் பெருக்கும் விதவை. ஒரே மகன் ஷர்வின், இரண்டு வருட வேலை ஒப்பந்தத்தில் கடல் தாண்டிச் சரவாக்குக்குப் போகவிருந்தான்.

“மாசக் கடைசியில பிளேன் ஏறுறான் அண்ணே. அவன் வளத்த சேவல் மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க. பீச்சாங்கைக்காரன்லா, பெல்ட்ட மறுபக்கமா மாட்டுவான்.”

அப்படி மாட்டினால் சேவல் தலைகீழாகத் தொங்கும். அதற்காகவே பின்னால் இருக்கும் கொக்கியை இடம் மாற்றி வைத்தார். தோலை நனைத்துச் சேவலைக் கத்தி முனையால் கீறினார். சுற்றிலும் தட்டித் தட்டிப் பள்ளமாக்கியதும் சேவல் மேலெழுந்து நின்றது. வால் இறகுகளுக்கு மட்டும் இரண்டு நாள் பிடித்தது. விளிம்பெல்லாம் துளையிட்டு, மெல்லிய தோல்வாரைப் பின்னல் போலக் கோத்து, உலோகத் தகட்டோடு சேர்த்து இறுக்கினார். மிஞ்சிய வாரை நறுக்கிய அந்த நிமிடம்தான் அவருக்கு உறைத்தது. இதைக் கொடுத்துவிட்டால் இவள் இனி எதற்கு வருவாள்?

முதல் சனிக்கிழமை, “நனைச்ச தோல் இன்னும் காயலம்மா” என்றார். அடுத்த சனிக்கிழமை, “வார் பத்தல, சொல்லி விட்டிருக்கேன்.” அவள் நம்பினாள். உட்கார்ந்து பேசினாள். “தேத்தண்ணியில சீனி போடுறீங்களா, இல்ல சீனியில தேத்தண்ணி ஊத்துறீங்களாண்ணே?” என்று கேலி செய்தாள். அவள் போன பிறகும் அந்தச் சிரிப்பு வீட்டுக்குள் வெகுநேரம் இருந்தது. செய்வது தப்பென்று அவருக்குத் தெரியும். மாசக் கடைசிக்குள் கொடுத்துவிடலாம் என்று மனதை ஏமாற்றிக்கொண்டார்.

இப்போது இரண்டு கோப்பைகளோடு கூடத்துக்கு வந்தார். அவள் உள்ளங்கையில் சேவல் நின்றது. தகட்டின் பின்னால் முடித்த தேதியை எழுதுவது பட்டறைப் பழக்கம்.

“ஆறாந்தேதின்னு போட்டிருக்கு” என்றாள் வீரம்மா.

“மாசக் கடைசிக்குத்தானேம்மா... அதுக்குள்ள குடுத்திடலாம்னு...”

“அவன் புதன்கிழமையே ஏறிட்டான் அண்ணே. தேதிய முன்னுக்கு இழுத்திட்டாங்க. ஏர்போர்ட்டுல இடுப்பக் காட்டி, ‘எங்கம்மா என் சேவலு?’ன்னு சிரிச்சான். ‘அந்த அண்ணே நல்லா செய்யணும்னுதான்டா சுணங்குறாரு, நல்ல மனுசன்டா’ன்னு சொன்னேன்.”

கனகராஜ் தலை குனிந்தார்.

“ஏண்ணே இப்படிச் செஞ்சீங்க?”

“முடிஞ்சிருச்சின்னு சொன்னா... நீ வரமாட்டியேம்மா.”

அவள் கண்கள் நிறைந்தன. கோபமா, இரக்கமா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

“இன்னிக்கு நான் பக்கிளுக்கா வந்தேன்? அவன்தான் போயிட்டானே. வீட்டுக்குள்ள இருக்க முடியல. இங்க வந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போலாம்னுதான் பஸ் ஏறினேன்.”

“விலாசத்தக் குடும்மா. இப்பவே போய் நான் அனுப்பிடுறேன்.”

“வேணாம். அவனுக்கு நானே அனுப்பிக்கிறேன்.”

பக்கிளைத் துணியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தாள். செருப்பை மாட்டினாள்.

“அடுத்த சனிக்கிழம...” என்று அவர் தொடங்கினார்.

வீரம்மா திரும்பி, ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு வெளியேறினாள். இரண்டு கோப்பைகளையும் கீழே வைக்கத் தோன்றாமல் அவர் நின்றிருக்க, கதவை அவள் வெளியிலிருந்து மெல்ல இழுத்துச் சாத்தினாள்.